புதன்கிழமைத் திருடன்

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் முப்பத்திரண்டு வீடுகள். அதில் பத்தொன்பது வீட்டுக் கதவுகளைச் சுடலைக்கண்ணன் ஒருமுறையாவது திறந்துவிட்டிருக்கிறார். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், ரயிலில் பையோடு தொலைத்தவர்கள், பாதிச் சாவியைப் பூட்டுக்குள் உடைத்துவிட்டுப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்கள். இவர்களில் ஒருவரைத் தவிர யாரும் மறுநாள் அந்தப் பூட்டை வைத்திருந்ததில்லை. அவர் திறந்த பூட்டை விடிந்ததும் மாற்றிவிடுவது எங்கள் கட்டடத்து வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித்தரவும் இல்லை. எல்லோருக்கும் தானாக வந்த புத்தி. இந்தக் கட்டடத்துக்கு ஏழு வருஷமாக நான்தான் செகரெட்டரி. சொல்லும்போதே வாய் கசக்கிறது.

சுடலைக்கண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவர். மகன் பதினாறு வயதில் தோல் பைகள் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். பிரீஃப்கேஸுக்கு நம்பர் பூட்டு பொருத்துவது வேலை. நம்பரை மறந்துவிட்டு வந்து நிற்கும் பெரிய மனிதர்களுக்குக் காதை வைத்துக் கேட்டுத் திறந்து கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அதுவே தொழிலாகிவிட்டது. செம்பூரில் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒரு மரப்பெட்டியும் சாவி வெட்டும் மெஷினும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அந்த ரோட்டில் பதினான்கு குடியிருப்பு சொசைட்டிகள். அவர் உள்ளே நுழைய ஒரு பாஸ் வேண்டும். எங்கள் சேர்மன் கையெழுத்துப் போட்டால் மற்ற பதின்மூன்றும் கேட்டைத் திறக்கும், எங்கள் சேர்மன் மாட்டேன் என்றால் பதின்மூன்றும் மாட்டேன் என்னும். கழுத்தில் அந்த அட்டை தொங்கினால் அவர் வீட்டில் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் நடைபாதையில் உட்கார்ந்து சைக்கிள் பூட்டுக்குச் சாவி வெட்ட வேண்டியதுதான்.

அவர் வேலை செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுவார். பக்கவாட்டில் திரும்பி நின்று, தன் இரண்டு கைகளும் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வார். பூட்டு விட்டதும் கதவைத் தள்ளமாட்டார். கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று அடி பின்னால் போய், "தொறந்துட்டு சார், நீங்களே தள்ளுங்க" என்பார். உள்ளே கண் போய்விடாமல் படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு மனிதனை இப்படி நிற்கப் பழக்கிவிட்டோமே என்று எங்களுக்குக் குமட்டியிருக்க வேண்டும். நாங்களோ, 'ரொம்ப டீசன்ட் ஆள்' என்று மெச்சிக்கொண்டோம்.

நான் வேங்கடசுப்ரமணியன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவு. புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை. அன்றைக்கு என் மனைவி நாகலக்ஷ்மி காலையிலேயே டோம்பிவிலிக்குப் போய்விடுவாள், மகள் ஷ்ருதியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ஐம்பத்தாறு வயதில், யாருமில்லாத வீட்டில், ஆபீஸ் லாப்டாப்பை ஓரம் தள்ளிவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் நான் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் வருகிற விளையாட்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமேல் சொல்லப்போவதற்கு இது தேவலை.

அந்த விளையாட்டில் நாம் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பயணம் போக வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் என்ன இனம், என்ன தொழில் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வீரன், மந்திரவாதி, வைத்தியன், திருடன் என்று பட்டியல் வரும். நான் எனக்காக எடுத்துக்கொண்டது சத்தியவீரன். பொய் சொல்லமாட்டான், எளியவனைக் காப்பாற்றுவான், வெள்ளிக் கவசம் மாட்டிக்கொண்டு திரிவான். கூட ஒரு வில்லாளி, ஒரு மந்திரவாதி. திருடன் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டேன். மாட்டுங்காவில் பிறந்து, சந்தியாவந்தனம் தவறாத அப்பாவுக்குப் பிள்ளையான நான் விளையாட்டில்கூட ஒரு திருடனோடு சேர்ந்து நடப்பதா என்று நிஜமாகவே நினைத்தேன். பலன், ஒரு பாதாளக் கிடங்கில் இரும்புக் கதவு முன்னால் ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தேன். திருடன் தொட்டால்தான் திறக்கும் கதவு அது.

அப்படி ஒரு புதன்கிழமை குப்பைப் பையை வெளியே வைக்கப் போனேன். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. அரை டிரவுசரோடு படிக்கட்டில் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சுடலைக்கண்ணனை வரவழைத்தேன். நாலு நிமிஷத்தில் திறந்துவிட்டு வழக்கம்போல் மூன்று அடி பின்னால் போனார். உள்ளே கம்ப்யூட்டரில் கத்திச் சண்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், உள்ள யாரோ அடிச்சுக்கிடுதாங்க போலிருக்கு" என்றார், முகத்தைத் திருப்பாமலே.

சிரிப்பு வந்துவிட்டது. "யாருமில்லை, கேம். ஒரு கதவு திறக்க மாட்டேங்கறது. ஒரு மாசமா உயிரை எடுக்கறது."

அவர் அப்போதுதான் திரும்பினார். "என்ன பூட்டு சார்?"

இந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "உள்ளே வாங்கோ, காட்டறேன்."

"ரிஜிஸ்டர்ல அரை மணிதான் சார் போடுவாங்க. ஜாஸ்தி ஆனா வாட்ச்மேன் விசில் ஊதிருவான்."

ரிப்பேர்காரர்கள் கேட்டில் பெயர் எழுத வேண்டும், அரை மணிக்கு மேல் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது. அந்த விதியை எழுதியது நான்தான். டைப் அடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியதும் நான்தான். "நான்தானே செகரெட்டரி, வாங்கோ" என்றேன். செருப்பை வெளியே விட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

புது ஆளைச் சேர்க்கும் திரையைத் திறந்தேன். திருடன் என்ற இடத்தில் என் விரல் நின்றதும் அவர் முகம் மாறியது.

"இவன் பேரு என்னத்துக்கு சார் திருடன்? பூட்டுத் தொறக்கதுதான இவன் வேலை?"

"பாக்கெட்டும் அடிப்பான்."

"அது வேற, இது வேற. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு வச்சிருக்கான் சாலாப் பய."

சமாளிக்க, மல்ட்டி கிளாஸ் என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் கொடுக்கலாம். ஆனால் மனித இனத்துக்குக் கிடையாது, குள்ளர்களுக்கும் காட்டுவாசி இனத்துக்கும்தான். கிடைக்கும் அனுபவப் புள்ளி இரண்டு தொழிலுக்கும் பாதி பாதியாகப் போகும். அதனால் மெதுவாகத்தான் முன்னேற முடியும்.

"மெதுவாப் போனா என்ன சார், இப்ப மட்டும் பறக்கமா?" என்றார். "இன்னொரு தொழில் என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா வாசிங்க."

வாசித்தேன். வீரனும் திருடனும் வேண்டாமென்றார். கையில் ஆயுதத்தோடு பூட்டைத் திறந்தால் அதற்குக் கொள்ளை என்று பெயராம். மந்திரவாதியும் திருடனும் வேண்டாம், மந்திரம் தெரிந்தவனுக்குக் கம்பி எதற்கு? கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். இருபது நிமிஷம் யோசித்து, வைத்தியனும் திருடனுமான ஒரு குள்ளனில் வந்து நின்றார்.

"இது சரி சார். ஒடம்பு முடியலன்னாதான் கூப்பிடுவாங்க. கூப்பிடும்போது டாக்டர்ம்பாங்க. திருடங்கத பொறவுதான் சொல்லுவாங்க."

"உங்க பேரையே வைக்கட்டுமா?"

"வேண்டாம் சார், அது ஏற்கனவே போலீஸ் ஸ்டேசன்ல இருக்கு." இந்தப் பக்கம் எங்கே பூட்டு உடைந்தாலும் சாவிக்காரர்களைத்தான் முதலில் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். ஒரு குற்றமும் செய்யாமலே அவர் கைரேகை அங்கே இருக்கிறது. "என் மச்சினன் பேரு பூலோகம். அத வைங்க. அவன் ஊர்ல ஒரு வேலையும் பாக்கமாட்டான். இங்கயாச்சும் ரெண்டு வேலை பாக்கட்டும்."

பூலோகம் இரும்புக் கதவைத் திறந்தான். சுடலைக்கண்ணன் நாற்காலியில் முதன்முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னொரு அதிசயமும் நடந்தது. மறுநாள் நான் என் பூட்டை மாற்றவில்லை.

அதன்பிறகு நாலு மாதம், புதன்கிழமை மூன்று மணிக்கு வருவார். அந்த நேரம் வியாபாரம் மந்தம். நான் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி, "சாவிக்காரரை விடு, எழுத வேண்டாம்" என்பேன். காபி போடுவேன். பூலோகத்தை அவர் நடத்துவார், மற்றவர்களை நான். ஊர்க்காரர்களின் பாக்கெட்டில் கைவிடும் வசதி பூலோகத்துக்கு இருந்தது. அந்த பட்டனை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு வியாபாரியிடம் நல்ல மோதிரம் ஒன்று இருந்தது, என் சத்தியவீரனுக்கு அது வேண்டும். நான் எவ்வளவோ கெஞ்சினேன், மசியவில்லை.

அவர் வராத ஒருநாள் நானே பூலோகத்தை நடத்தி அந்த மோதிரத்தை அடித்தேன். அடுத்த புதன்கிழமை பூலோகத்தின் பையைத் திறந்தவர், "இது ஏது சார்?" என்றார்.

"விளையாட்டுதானே" என்று இளித்தேன்.

"கெட்ட பேரு பூலோகத்துக்கு. எடுத்தது நீங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்த வியாபாரியிடம் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடினார். விளையாட்டில் அதற்கு வழி வைக்கவில்லை. என் குணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாள் அது.

போன ஆடி மாதம் மூன்றாம் மாடி சாருலதா ஊருக்குப் போய்விட்டு வந்து, பீரோவில் இருந்த நாலு வளையல்களைக் காணோம் என்று அலறினாள். கதவு உடையவில்லை, பூட்டில் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் பூட்டு தெரிந்தவன் வேலை என்று அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்க முடிவுசெய்துவிட்டது. கேமராவைப் பார்த்தார்கள். புதன்கிழமை சுடலைக்கண்ணன் மூன்று மணிக்கு உள்ளே போகிறார், ஐந்தரைக்கு வெளியே வருகிறார். ரிஜிஸ்டரில் பெயரில்லை. வாட்ச்மேனைக் கேட்டதற்கு, ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டான். பாவம், அவனுக்கும் வேலை போய்விடும் பயம்.

சனிக்கிழமை சாயந்திரம் கமிட்டி கூடியது. சேர்மன் பேச்சிராஜா நடுவில். இரும்புக் கடை வைத்துக் காசு பார்த்தவர், சத்தமாகப் பேசினால்தான் நியாயம் என்று நினைப்பவர். வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், இரண்டாவது வரிசையில் நாகலக்ஷ்மி. சுடலைக்கண்ணன் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

"ரெண்டரை மணி நேரம் பில்டிங்குக்குள்ள என்னய்யா பண்ணுன?" என்றார் பேச்சிராஜா.

"ஒரு வீட்டுல இருந்தேன் சார்."

"எந்த வீடு?"

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு மூன்று அடி பின்னால் போய், வீட்டுக்காரர் தள்ளட்டும் என்று நிற்பாரே, அப்படி நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'என் வீட்டில்தான் இருந்தார்.' இவ்வளவுதான்.

சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவும் அசிங்கமாக இருக்கிறது. விதியை எழுதியவனே விதியை உடைத்தான் என்று பேச்சிராஜா கத்துவார். ஆபீஸ் நேரத்தில் விளையாடினது வெளியே வரும். இந்த வயதில் கேமா என்று சிரிப்பார்கள். நாகலக்ஷ்மி எல்லோர் முன்னாலும் திரும்பிப் பார்ப்பாள். ஒருவருடைய சோற்றுக்கு எதிரே நான் தராசில் வைத்து நிறுத்தது இந்த அற்ப விஷயங்களைத்தான்.

"சொல்லமுடியாது சார். அவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார் சுடலைக்கண்ணன்.

கூட்டம் ஓவென்றது. பேச்சிராஜா எழுந்து போய் அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். ஒருவருடைய கழுத்தில் கைவைக்கிறோம் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. நான் செகரெட்டரி அல்லவா, மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். 'சாவிக்காரரின் பதில் திருப்திகரமாக இல்லை. பாஸ் ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள் வளையல்கள் கிடைத்தன. சாருலதா வீட்டு அரிசி டப்பாவில். ஊருக்குப் போகும்போது திருடனுக்குப் பயந்து அவளே அரிசிக்குள் புதைத்துவிட்டு மறந்திருக்கிறாள். நம் வீடுகளில் யார்தான் செய்வதில்லை? வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடும் பொம்மையும் சிரிக்கும் பொம்மையும் போட்டாள். முப்பது பேர் திருப்பிச் சிரித்தார்கள். பாஸைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே பேச்சிராஜாவிடம் போய்க் கேட்டேன்.

"வளையல் கிடைச்சிருச்சு, டீக், சரி. ஆனா அந்த ரெண்டரை மணி நேரம் எங்கன இருந்தான்? அதுக்குப் பதில் வரலையே வேங்கட்" என்றார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது நாகலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேம், பூலோகம், நாலு மாதம், சனிக்கிழமை கூட்டம். அழுதுகூட விட்டேன். அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேமுக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"ஏன்னா, நாலு மாசமா அவன் நம்மாத்துக்குள்ள வந்து உக்காந்துண்டு இருந்தானா? பூட்டு, பீரோ எல்லாம் பாத்திருப்பானே."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லைடி."

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா என்னால தூங்க முடியாது."

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆள் வந்து எங்கள் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிவிட்டுப் போனான். நான் வேண்டாமென்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. புதுச் சாவியை அவள் நீட்ட, வாங்கிக் கொத்தில் கோத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள், நான் பயந்த அளவு இல்லை. பேச்சிராஜா தலையில் அடித்துக்கொண்டு, "அரே வேங்கட், மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்று அட்டையை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷ வேலை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும். கமிட்டி முன்னால் பேசியபோது எனக்குள் என் சத்தியவீரனின் வெள்ளிக் கவசம் கொஞ்சம் மின்னியது என்பதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கே வாட்ச்மேனிடம் இடம் கேட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன். நடைபாதைக் கடையை அவர் காலி செய்து ஒரு வாரமாகியிருந்தது. பழைய பட்டறை முதலாளியின் மகன் நடத்தும் பட்டறையில், பதினாறு வயதில் பார்த்த அதே வேலை, பெட்டிக்கு நம்பர் பூட்டு பொருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொன்னார்.

"பூலோகம் எப்படி சார் இருக்கான்?"

"உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கான்" என்றேன். மன்னிப்புக் கேட்டேன், கமிட்டியில் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல இளகியது.

"நீங்க சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் சார். கொஞ்சம் லேட்டாச்சு, பரவால்ல. என் வீட்டுக்காரி நம்பல. நாந்தான் சொன்னேன், அந்த சார் என்னய உள்ள உக்கார வச்சவரு, பூட்டக்கூட மாத்தாதவருன்னு."

நான் அட்டையை எடுக்கப் பையில் கைவிட்டேன். கைக்குத் தடையாக இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவருடைய வேலை மேசைமேல் வைத்தேன். அதன் பக்கத்தில் அட்டையையும் வைத்தேன்.

அவர் கண் அட்டைக்குப் போகவில்லை. சாவிக்கொத்தை எடுத்து, புதுச் சாவியை மட்டும் பிரித்து, அதன் பல்லைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார்.

"இது நான் தொறந்த பூட்டுக்குள்ளது இல்லையே சார்."

வந்த டீயை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"எப்ப மாத்துனீங்க?"

"வியாழக்கிழமை."

"அப்ப ஞாயித்துக்கிழமை எனக்காகப் பேசும்போது மாத்தியாச்சு."

வீட்டில் கேட்கவில்லை, மனைவி பயந்தாள் என்று என்னென்னவோ சொன்னேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் முழுக்கக் கேட்டார். சாவிக்கொத்தை அட்டைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு தன் இடத்தைவிட்டு எழுந்து, கொஞ்சம் பின்னால் போய், முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"டீயக் குடிச்சிட்டுப் போங்க சார், ஆறிடும்."

அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.